ராக்காயி அம்மா வீட்டில்தான் இருந்தார்

நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அலுவலகக் கடிதம் ஒன்றில் இந்தச் சம்பவம் நடக்கவே இல்லை என்று இருக்கிறது. அந்தக் கடிதம் பொய். இங்கே எழுதுவதுதான் உண்மை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு அதனால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

என் பெயர் நித்யகல்யாணி. மலேசியாவின் ஈப்போ நகரில் பிறந்து வளர்ந்தவள். சிம்பாங் பூலாய் பக்கம் மருத்துவமனைகளுக்கு ரப்பர் குழாய் செய்து ஏற்றுமதி செய்யும் ஒரு தொழிற்சாலை. அங்கே மனிதவளப் பிரிவில் எனக்குப் பல வருட வேலை. சம்பளம், விடுப்பு, மருத்துவ அட்டை, எச்சரிக்கைக் கடிதம், வேலைநீக்கக் கடிதம் எல்லாமே என் மேசையைத் தாண்டித்தான் போகும். கோவிட் சமயத்தில் ஒரே நாளில் அறுபத்து நான்கு பேருக்கு வேலைநீக்கக் கடிதம் கொடுத்தேன். முதல் பத்துப் பேர் அழுதபோது எனக்கும் அழுகை வந்தது. பதினோராவது ஆளிலிருந்து வரவில்லை. அதற்குப் பிறகு எதற்குமே வரவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அன்று அந்த வீட்டில் நான் ஏன் பயப்படவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள், அதற்காக முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

2023ஆம் ஆண்டு, ஆகஸ்டு மாதம். கோகிலன் என்று ஒரு இயந்திர இயக்குநர். முப்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை. பழைய ரப்பர் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்து வீட்டில் அம்மாவோடு இருந்தார். பதினோரு வருட சர்வீஸ், ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட கிடையாது. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நான்கு நாள் லீவு கேட்டிருந்தார். ஏற்றுமதி அவசரம் என்று ஆகஸ்டு 7, திங்கட்கிழமை அந்த லீவை ரத்து செய்தோம்.

மறுநாள் காலை 6:03க்கு என் கைப்பேசிக்கு வாட்ஸ்அப் வந்தது. "அம்மா தவறிட்டாங்க. மூணு நாள் துக்க லீவு வேணும்." அவ்வளவுதான். எந்த ஆஸ்பத்திரி, எங்கே எடுக்கிறார்கள், ஒன்றும் இல்லை. திருப்பி அழைத்தேன். கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது.

என் மேலாளர் ஸ்ரீனிவாசன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"லீவு குடுக்கலன்னா அம்மாவச் சாகடிச்சுருவானுங்க. போன மாசம் ஒருத்தன் ஒரே பாட்டிய மூணாவது தடவ பொதச்சான்லா. கல்யாணி, நீ நேர்ல போய்ப் பாத்துட்டு வா. ஃபார்ம எடுத்துக்க."

மூன்று தடவை இறந்த அந்தப் பாட்டிக்குப் பிறகுதான் எங்களிடம் 'வீட்டுச் சரிபார்ப்புப் படிவம்' வந்தது. யாரைப் பார்த்தோம், எத்தனை மணிக்கு, வீட்டில் இருந்தவர் கையொப்பம் அல்லது கைநாட்டு. நம் ஆட்களில் வயதானவர்கள் பலருக்கு எழுத வராது என்பதால் படிவத்தோடு ஊதா நிற மைப்பெட்டி ஒன்றும் எடுத்துப் போவோம்.

ஆகஸ்டு 9, புதன்கிழமை. அலுவலக வேலையை முடித்துவிட்டு மாலை 6:20க்கு கிளம்பினேன். 6:48க்கு பெரிய சாலையிலிருந்து செம்மண் பாதையில் இறங்கினேன். இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள். மழை வரப்போகிற இருட்டு. தோட்டத்து நுழைவாயிலில் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். 7:05க்கு கோயிலைத் தாண்டினேன். உறுமி முழங்கியது. தோட்டத்தில் மிச்சமிருந்த ஜனம் எல்லாம் அங்கேதான் நின்றது. கூட்டத்தில் கோகிலனைத் தேடினேன். இல்லை.

கோயிலைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் தூரத்தில் லயம். பத்து வீடுகள் ஒரே வரிசையில். ஏழு வீடுகளுக்குக் கூரை இல்லை. இரண்டு பூட்டியிருந்தன. கடைசி வீட்டின் கதவு மட்டும் ஒருக்களித்துத் திறந்திருந்தது.

நேரம் 7:12. படிவத்தில் குறித்துக்கொண்டேன்.

வாசலில் பந்தல் இல்லை. நாற்காலி இல்லை. சாவு நடந்த வீடாகத் தெரியவில்லை. 'சார் சொன்னது சரிதான்' என்று நினைத்தேன்.

"வீட்ல யாரு?" என்றேன்.

"வாம்மா" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

ராக்காயி அம்மா. மருத்துவ அட்டைக்காக மகன் கொடுத்த புகைப்படம் படிவத்தில் ஒட்டியிருந்தது. அதே முகம். அறுபத்தாறு வயது. பச்சைச் சேலை, மஞ்சள் கரை. புதுச்சேலை, மடிப்புக்கூட கலையவில்லை. கரையின் ஓரத்தில் கடை ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. நெற்றியில் வட்டமாக ஒரு தடம். ஐம்பது காசு அளவு இருக்கும். குங்குமம் அழிந்த இடம் என்று நினைத்தேன்.

"விளக்குப் போடலயாம்மா?"

"கண்ணு கூசுது."

குரல் மூக்கடைத்தாற்போல் வந்தது. சளி போலும்.

கோகிலனின் அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்று சொன்னேன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. உட்காரச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். அவர் நடந்ததை நான் கவனித்தேன். இரண்டு கால்களையும் ஒட்டி வைத்து, சின்னச் சின்னதாக அடியெடுத்து... பாதங்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியவே இல்லை. மூட்டுவலி என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் மருத்துவக் காப்புறுதியில் மூட்டுச் சிகிச்சை வருமா என்றுகூட யோசித்தேன்.

படித்துக்கொண்டிருக்கிற உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. நான் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பால் கலக்காத தே-ஓ கொண்டு வந்து கொடுத்தார். குவளை சில்லென்று இருந்தது.

"காஸ் முடிஞ்சுருச்சு. நாளைக்குத்தான் கொண்டாருவான்" என்றார்.

ஒரு வாய் குடித்தேன். சீனியும் இல்லை, சாயமும் இல்லை. வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது.

"கோகிலன் எங்கம்மா?"

"வேலைக்குப் போயிருக்கான்."

"இன்னிக்கு வேலைக்கு வரலையே."

"போயிருப்பான்லா. எம் மவன் லீவே போட மாட்டான். காச்ச வந்தாக்கூட போயிருவான். பெரியவங்ககிட்ட சொல்லு."

நான் எழுதிக்கொண்டேன். 'மகன் வேலைக்குச் சென்றிருப்பதாகத் தாயார் கூறினார்.'

"அடையாள அட்டை, ஐசி இருக்காம்மா? பாத்துட்டுக் குடுத்துருறேன்."

"அவன்தான் எடுத்துட்டுப் போனான். ரிஜிஸ்டர் ஆபிசுல கேட்டாங்களாம்."

"எதுக்கு?"

"எங்கிட்ட சொல்லல."

தூரத்தில் உறுமி நின்றது.

அப்போதுதான் அந்த வீட்டின் சத்தம் எனக்குக் கேட்டது. அதாவது... சத்தமே இல்லை. பல்லி இல்லை. கொசு இல்லை. என் மூச்சு மட்டும்தான்.

ஒரு மூச்சு மட்டும்.

நேரம் 7:26.

படிவத்தை நீட்டினேன். எழுதத் தெரியாது என்றார். இடது கைப் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றினேன். விரல் விறைப்பாக இருந்தது. நான் அழுத்திய பக்கம் வளையவில்லை. ரேகையின் குறுக்கே ஒரு பழைய வெட்டு. ரப்பர் மரம் சீவிய காலத்தில் உளி பட்டதாம். படிவத்தில் அந்த வெட்டு ஒரு வெள்ளைக் கோடாக விழுந்தது.

மையைத் துடைக்க ஈரத்தாள் கொடுத்தேன். துடைத்தார்.

போகவில்லை.

"பரவால்லம்மா. இருக்கட்டும்" என்றார்.

நான் எழுந்தேன். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

"போயிட்டு வாரேம்மா."

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாரேன்னு சொல்றியே. வருவியா?"

"வருவேம்மா."

காரை எடுத்தபோது 7:31. கண்ணாடியில் பார்த்தேன். வாசலில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து.

வீட்டுக்குப் போய்க் கையைக் கழுவினேன். விரல்களில் பன்னீர் வாசனை. மூன்று தடவை சோப்புப் போட்டேன். காலையிலும் இருந்தது. எனக்குப் பயம் வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை. மறுநாள் 8:40க்கு அறிக்கையைத் தட்டச்சு செய்து ஸ்ரீனிவாசனுக்கு அனுப்பினேன். 'தாயார் உயிருடன் இருக்கிறார். நேரில் கண்டேன்.'

வெள்ளிக்கிழமை கோகிலன் வேலைக்கு வந்தார். தலை மொட்டையாக இருந்தது. திருவிழாவில் முடி இறக்கியிருப்பான் என்றார் ஸ்ரீனிவாசன். உள்ளே விடாமல், பொய்த் தகவல் கொடுத்ததற்கு விளக்கம் கேட்கும் கடிதத்தைக் கொடுத்து இடைநீக்கம் செய்தோம். "எங்க அம்மா இறந்தது உண்மை" என்று ஒரே வரியில் பதில் எழுதித் தந்தார்.

இறப்புச் சான்றிதழ் காட்ட விதிப்படி பதினான்கு நாள் அவகாசம் உண்டு. நாங்கள் காத்திருக்கவில்லை. கண்ணால் பார்த்த சாட்சி இருக்கும்போது காகிதம் எதற்கு என்றார் ஸ்ரீனிவாசன். கண்ணால் பார்த்த சாட்சி நான்தான்.

ஆகஸ்டு 21, காலை மணி பத்து. உள் விசாரணை. தயாரிப்புப் பிரிவுத் தலைவரும் இன்னும் இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கோகிலன் தனியாக ஒரு நாற்காலியில். மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. அதன் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தார்.

நான் என் அறிக்கையை வாசித்தேன். தேதி, நேரம், வீட்டு எண், அந்த அம்மா சொன்னது. கைநாட்டு வைத்த படிவத்தைக் காட்டினார்கள்.

கோகிலன் அதை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அந்த வெள்ளைக் கோட்டின் மேல் தன் விரலை வைத்தார்.

சாட்சியைக் கேள்வி கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. கேட்கலாம் என்று தலைவர் சொன்னார். கோகிலன் என்னைப் பார்த்தார்.

"அக்கா, என்ன சேல கட்டியிருந்தாங்க?"

"பச்சை. மஞ்சள் கரை. புதுசு. ஸ்டிக்கர்கூட எடுக்கல."

அவர் உதடு துடித்தது.

"என்ன சொன்னாங்க?"

"எம் மவன் லீவே போட மாட்டான்னாங்க."

"நல்லா இருந்தாங்களா?"

அந்தக் கேள்வி விசாரணைக்குச் சம்பந்தம் இல்லாதது. இருந்தாலும் பதில் சொன்னேன்.

"நல்லா இருந்தாங்க."

"வேற கேள்வி இல்லக்கா."

ஆவணம் ஏதாவது காட்ட வேண்டுமா என்று தலைவர் கேட்டார். கோகிலன் மடியிலிருந்த கோப்பைப் பார்த்தார். பிறகு அதை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டார்.

"இல்ல."

நாற்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. மறுநாள் வேலைநீக்கக் கடிதம். பதினோரு வருட சர்வீஸ் போயிற்று. அந்தக் கடிதத்தையும் நான்தான் தயார் செய்தேன். அவர் வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ்க்கா" என்றார். கிண்டலாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

ஆகஸ்டு 24, வியாழன், மாலை 4:35. வேலையிலிருந்து நின்றவரின் குடும்பத்தைக் காப்புறுதியிலிருந்து நீக்குவது என் வேலை. கணினியில் ராக்காயி அம்மாவின் பெயரைத் தேர்ந்தெடுத்து 'நீக்கு' என்று அழுத்தினேன்.

திரையில் வந்தது: 'இவர் ஏற்கெனவே நீக்கப்பட்டவர். காரணம்: மரணம்.'

தேதி, ஆகஸ்டு 8.

என் மின்னஞ்சலில் தேடினேன். காப்புறுதி நிறுவனம் அனுப்பிய கடிதம் கிடைத்தது. திறக்காமலே கிடந்தது. ஆகஸ்டு 8, காலை 9:06க்கு வந்திருக்கிறது. ஈப்போவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நிமோனியா. மரணம் நிகழ்ந்த நேரம் அதிகாலை 4:40.

நான் அந்த வீட்டுக்குப் போவதற்கு ஒரு நாள் முன்பே என் மேசைக்கு வந்துவிட்டது. ஏற்றுமதி அவசரத்தில் நான் பார்க்கவில்லை.

தண்ணீர் குடித்தேன். அச்செடுத்துக்கொண்டு ஸ்ரீனிவாசன் அறைக்குப் போனேன். அவர் இரண்டு தடவை படித்தார். எழுந்து கதவைச் சாத்தினார்.

"அப்ப நீ பாத்தது யார?"

"அவங்களத்தான் சார்."

"செத்தவங்கள."

"ஆமா சார்."

தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"பேயப் பாத்தேன்னு எழுதிக் குடுத்தா உன்ன தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்க. அவனுக்கு வேல திரும்பக் கெடைக்கணுமா வேணாமா?"

"கெடைக்கணும் சார்."

"அப்ப நீ போகவே இல்லன்னு எழுது."

எழுதினேன். சோம்பேறித்தனத்தால் அந்த வீட்டுக்குப் போகவில்லை, வீட்டில் உட்கார்ந்தே படிவத்தை நிரப்பினேன், கைநாட்டு என்னுடையது. கையெழுத்துப் போட்டேன். எனக்கு இறுதி எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அத்தனை வருடம் அடுத்தவருக்குக் கொடுத்த அதே கடிதம், அதே வாசகம். என் விரலைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. என் பெருவிரலில் வெட்டுக் கிடையாது.

ஆகஸ்டு 28, திங்கட்கிழமை. கோகிலன் கைப்பேசியை எடுக்கவில்லை. வேலையில் திரும்பச் சேர்க்கும் கடிதத்தோடு நானே போனேன். மாலை 6:50. வேப்பிலைத் தோரணம் காய்ந்து தொங்கியது. லயத்துக்கு இருநூறு மீட்டர் முன்னால், பாதையோரம், வெட்டாமல் விட்ட பழைய ரப்பர் மரம் ஒன்று நிற்கிறது. அதன் அடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு கோகிலன் தரையில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குள்ள போகலயா கோகிலன்?"

"நான் உள்ள இருந்தா வர மாட்டேங்கறாங்கக்கா."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மடமடவென்று பேசுகிற ஆள் இல்லை அவர். வாசலிலிருந்து கண்ணை எடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

"கோயில்ல காப்புக் கட்டியாச்சு, கொடி ஏறியாச்சு. அப்புறம் தோட்டத்து எல்லைக்குள்ள பொணத்தக் கொண்டு வரக்கூடாது. கொண்டு வந்தா திருவிழாவே நின்னுரும். நானும் கமிட்டியில இருக்கேன்லா. நானே எப்படி மீறுறது? சிலிபின்ல எங்க அக்கா வீட்ல வச்சு எடுத்துட்டோம்."

"ஊர்ல யாருக்கும் தெரியாதா?"

"கோயில் தலைவருக்கு மட்டும்தான். திருவிழா முடியட்டும்னு யாருக்கும் சொல்லல. ஆஸ்பத்திரில கடைசி வரைக்கும் வீட்டுக்குப் போலாம், வீட்டுக்குப் போலாம்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. சரிம்மா, போலாம்னு நானும் சொன்னேன்."

தரையில் கிடந்த சருகு ஒன்றைக் கிள்ளிப் போட்டார்.

"நீங்க போன அன்னிக்குத்தான் எரிச்சோம். பகல் மூணு மணிக்கு. பச்சச் சேல திருவிழாவுக்குக் கட்டட்டும்னு நான் வாங்கினது. அக்காதான் கட்டி விட்டுச்சு. ஸ்டிக்கர எடுக்க மறந்துருச்சு."

மூன்று மணிக்கு எரித்தார்கள். 7:12க்கு எனக்குக் கதவு திறந்திருந்தது.

"அந்தக் கோப்புல சர்டிபிகேட் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஏன் காட்டல? வேல போயிரும்னு தெரியும்ல?"

முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா வீட்ல இருக்காங்க, நல்லா இருக்காங்கன்னு நீங்க சொல்றீங்க. இல்ல, செத்துட்டாங்கன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?"

எனக்கு அழுகை கிட்டே வந்து நின்றது. அறுபத்து நான்கு கடிதத்துக்குப் பிறகு அப்படி நின்றது அன்றுதான். ஆனால் மேலே வரவில்லை. அங்கேயே நின்றுவிட்டது.

"மறுநாள் காஸ் போடுற சீனரும் பாத்திருக்காருக்கா. உங்க அம்மா போன் பண்ணாங்க, உள்ள வைக்கச் சொன்னாங்கன்னு சொல்றாரு. அப்பவும் நான் இங்க இல்ல. சாம்பல் கரைக்கப் போயிருந்தேன். வேலையில்லாம பதினேழு நாளா வீட்லயே கெடக்கேன், ஒண்ணும் இல்ல. நான் வேலைக்குப் போயிருந்தாத்தான் இருப்பாங்க போல. அவங்களுக்கு அதான பழக்கம்."

கடிதத்தை நீட்டினேன்.

"என்னக்கா இது?"

"வேல திரும்பக் கெடைச்சுருச்சு. நாளைக்கே வரலாம்."

கோகிலன் சிரித்தார். பதினோரு வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"நாளைக்கு மார்னிங் ஷிப்டா?"

நான் வாசல் வரைக்கும் போகவில்லை. அங்கிருந்தே காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு கோகிலன் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. ஆண்டு விடுப்பு வீணாகிறது என்று கணினி எனக்குச் சிவப்பு எழுத்தில் காட்டும். கூப்பிட்டுச் சொல்வேன். "வேணாம்க்கா" என்பார். எப்போதாவது, யாரும் இல்லாத நேரம் பார்த்து என் மேசைக்கு வருவார். "ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வாங்கக்கா. எப்படி இருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க." நான் சரி என்பேன். போனதில்லை.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன அக்டோபரில் மருத்துவ அட்டை வைத்திருக்கும் பெற்றோர்களை நேரில் சரிபார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஷர்மினி போனாள். வேலைக்கு வந்து நான்கு மாதம். இந்தக் கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. அவசரத்தில் 2023ஆம் ஆண்டின் பழைய பட்டியலை அச்செடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை 8:50. படிவங்களை என் மேசையில் அடுக்கினாள். நான் ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.

ஒன்பதாவது படிவம்.

ராக்காயி. நேரம்: மாலை 7:12.

கைநாட்டு. ஊதா நிறம். குறுக்கே வெள்ளைக் கோடு.

"இவங்கள... பாத்தியா?"

"பாத்தேன்க்கா. நல்ல அம்மா. பச்சச் சேல. மவன் வேலைக்குப் போயிருக்கான்னாங்க."

கோகிலனுக்கு அன்று மாலை ஷிப்டு.

"மைப்பெட்டி கொண்டு போனியா?"

"மறந்துட்டேன்க்கா. அவங்க வெரல்லயே மை இருந்துச்சு. காயாம அப்படியே இருந்துச்சு. ஒத்தி எடுத்துட்டேன்."

நான் படிவத்தை மூடினேன். ஷர்மினி போகத் திரும்பினாள். பிறகு ஏதோ நினைவு வந்தவள்போல நின்றாள்.

"அக்கா, உங்களத்தான் கேட்டாங்க."

"என்னன்னு?"

"முன்னாடி ஃபார்மோட வந்த பொண்ணு போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போச்சே, இன்னும் வரலயேன்னு கேட்டாங்க. நான் சொல்றேன்னு சொன்னேன். அதுக்கு..."

"அதுக்கு?"

"பரவால்ல, இனிமே நானே வந்து பாத்துக்கிறேன்னாங்க."